பழைய கூட்டாளிகளைத் தேடிப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. பிராங் பெசார் தோட்டத்தில் ஒன்றாகப் படித்த கூட்டாளிகளோடு தொடர்பே இல்லை. இப்போது தேடிப் போனால் என்ன நினைப்பார்கள்?
– வாசகர், காஜாங்

பதில்: சந்தோஷப்படுவார்கள், வேறென்ன! திடீரென்று நலம் விசாரித்தால் மற்றவர் எவ்வளவு மகிழ்வார் என்பதை நாம் குறைத்தே கணக்குப் போடுகிறோம் என்று 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. அதோடு, நீங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லையே? 1990களில் அந்த ரப்பர் தோட்டம் புத்ராஜெயாவானது. லயத்து வீடுகள் போயின. பல குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்கு மாறின. தேடலை அங்கேயே தொடங்குங்கள். ஒருவர் கிடைத்தால் போதும், மற்றவர்களின் நம்பர் தானாக வரும்.

மண்டபம், விருந்தெல்லாம் வேண்டாம். இரண்டு பேரை காஜாங் சாத்தே கடைக்குக் கூப்பிடுங்கள். 2017 முதல் எம்ஆர்டி ஓடுவதால் பிரிக்பீல்ட்ஸ்காரர்களும் சாக்குச் சொல்ல முடியாது. கச்சான் குழம்பில் நாசி இம்பிட்டைத் தொட்டுக்கொண்டே பழைய குறும்புகளைப் பேசுங்கள். சம்பளம், வீடு, பிள்ளைகளின் படிப்பை மட்டும் முதல் நாளே கேட்காதீர்கள். இந்த வயதில் ஒருவருக்குக் கடன் இருக்கும், இன்னொருவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கும். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள். பதில் போடாதவரை நச்சரிக்காதீர்கள். தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அனுப்புங்கள், போதும்.