நனைந்த ஓடுபாதையும் நம்பமுடியாத எண்ணும்

நம்பிக்கை: உராய்வை அளக்கும் வண்டியை ஓட்டிப் பார்த்தால், விமானம் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

உண்மை: முடியாது. அந்த வண்டி மணிக்கு 65 அல்லது 95 கி.மீ. வேகத்தில், சிறிய சோதனைச் சக்கரம் ஒன்றை உருட்டி அளக்கிறது. போயிங் 737 தரையைத் தொடுவதோ மணிக்கு 240 கி.மீ. வாக்கில், டயரில் 200 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தம், மேலே 50 டன்னுக்கும் கூடுதலான எடை. ஒரே ஓடுபாதையில் இரண்டு விதமான வண்டிகளை ஓட்டினால் இரண்டு எண்கள் வரும்.

2005 டிசம்பர் 8 இரவு, பனி கொட்டிக்கொண்டிருந்த சிகாகோ மிட்வே விமான நிலையத்தில் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 1248 விமானம் இறங்கியது. உராய்வு வண்டி தந்த எண் நன்றாகவே இருந்தது. முன்னால் இறங்கிய விமானிகள் தந்த தகவல்களோ கலவையாக இருந்தன. விமானம் வேலியை உடைத்துச் சாலைக்குப் பாய்ந்து ஒரு காரில் மோதியது. காரிலிருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்துபோனான். எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் த்ரஸ்டைத் தாமதமாக இயக்கியதே முதன்மைக் காரணம் என்றது விசாரணை. ஆனால் ஓடுபாதை நிலையைச் சொல்லும் முறையையே மாற்றியாக வேண்டும் என்பதும் அந்த விபத்தில்தான் உறைத்தது. 2016 அக்டோபர் முதல் அமெரிக்காவில் விமானிகளுக்கு உராய்வு எண்ணைச் சொல்வதில்லை. வண்டிக்கு வேறு வேலை உண்டு: டயர்கள் விட்டுப்போகும் ரப்பர் படிந்து பாதை வழுவழுப்பாகிவிட்டதா, சுரண்டி எடுக்க வேண்டுமா என்று காட்டிக்கொடுக்கும். அதற்கு அது மிக நல்ல கருவி.

நம்பிக்கை: ஈரம் என்றால் ஈரம், அதில் என்ன வித்தியாசம்?

உண்மை: 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 2021 நவம்பர் 4 முதல் நடைமுறையில் உள்ள உலகளாவிய முறைப்படி, ஓடுபாதையை மூன்று சம பாகமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 0 வரை ஒரு குறியீடு தருகிறார்கள். காய்ந்த பாதைக்கு 6. தண்ணீர் 3 மி.மீ. வரை இருந்தால் 5. அதைத் தாண்டித் தேங்கி, அந்தப் பாகத்தில் கால்வாசிக்கு மேல் பரவினால் நேராக 2. தண்ணீரே அதிகமில்லாமல் ரப்பர் படிவால் வழுக்கும் ஈரப் பாதைக்கு 3. ‘5/5/2’ என்று கேட்கும் விமானிக்கு உடனே புரியும்: கடைசி மூன்றில் ஒரு பங்கில் குளம் கட்டியிருக்கிறது, வேகத்தை அதற்கு முன்பே குறைத்தாக வேண்டும்.

நம்பிக்கை: முன்னால் இறங்கியவர் ‘நல்லா இருக்கு’ என்றாரே!

உண்மை: அவர் பிரேக்கை அழுத்தியே பார்க்காமல் இருந்திருக்கலாம், ரிவர்ஸ் த்ரஸ்டே வேகத்தைக் குறைத்திருக்கலாம். பத்து நிமிட மழையில் பாதையும் மாறிவிடும். அதனால் ‘நன்று’ என்ற தகவலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘மோசம்’ என்ற தகவலை மட்டும் ஒருபோதும் ஒதுக்கக் கூடாது. அது அடுத்தடுத்து வந்தால் நிலைய ஊழியர்கள் மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். இந்தத் தகவலைச் சொல்லத் தயங்கும் விமானி, பின்னால் வருபவரின் உயிரோடு விளையாடுகிறார்.

நம்பிக்கை: பூப்போல இறக்கினால்தான் நல்ல விமானி.

உண்மை: மழையில் சற்று அழுத்தமாகத் தொடுவதுதான் சரி. அப்போதுதான் சக்கரம் நீர்ப்படலத்தைக் கிழித்து உடனே சுழலும். மிதந்து மிதந்து போனால் பாதைதான் வீணாகும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நனைந்த ஓடுபாதையில் பின்காற்றோடு இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஏறக்குறைய பாதி ஓடுபாதையைக் கடந்த பிறகே தரையைத் தொட்டது. அது பாதையின் முடிவைத் தாண்டிப் பாய்ந்ததில் விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள்.