உலகத்துக்கு மருந்து எழுதிய டாக்டரம்மா



சமூக அறிவியல் பாடத்தில் "நிலையான வளர்ச்சி" என்று ஒரு சொல் வருகிறது. இரண்டு மதிப்பெண் கேள்விக்காக எல்லோரும் மனப்பாடம் பண்ணியிருப்போம். இன்றைக்கு நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் நமக்குப் பின்னால் பிறக்கப் போகிறவர்களின் பங்கில் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான் அதன் பொருள். இந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவர் ஒரு டாக்டரம்மா! அவர் பெயர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட். நார்வே நாட்டின் பிரதமராக மூன்று முறை இருந்தவர். அவரைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பிறப்பும் படிப்பும்

1939 ஏப்ரல் 20-இல் பிறந்தார். அப்பாவும் டாக்டர்தான், பிறகு அமைச்சரும் ஆனார். குரோ 1963-இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தார். 1965-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரத்தில் பட்டம் பெற்றார். ஊருக்குத் திரும்பி, ஓஸ்லோவின் பள்ளிப் பிள்ளைகளுக்கான சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்தார்.

1974-இல் சுற்றுச்சூழல் அமைச்சர் ஆனார். டாக்டருக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். தண்ணீரும் காற்றும் கெட்டுப்போனால் எத்தனை ஊசி போட்டு என்ன பயன்? இரண்டும் ஒரே வேலைதானே!

1977 ஏப்ரல் 22-இல் வட கடலில் "பிராவோ" என்ற எண்ணெய்க் கிணறு வெடித்துக் கிளம்பியது. எட்டு நாள் கடலில் எண்ணெய் பீறிட்டது. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. நாட்டுக்குப் பணம் தருவதும் அந்த எண்ணெய்தான், கடலைக் கெடுப்பதும் அந்த எண்ணெய்தான். இந்தச் சிக்கல் அவரைக் கடைசிவரை விடவில்லை.

பிரதமர் நாற்காலியில்

1981 பிப்ரவரியில் நார்வேயின் முதல் பெண் பிரதமர் ஆனார். அப்போது அவருக்கு வயது 41. அந்த ஆட்சி சில மாதங்களே நீடித்தது. 1986-இல் மறுபடி வந்தார். இந்த முறை அமைச்சரவையில் இருந்த 18 பேரில் 8 பேர் பெண்கள்! உலகமே வியந்து பார்த்தது. 1989-இல் பதவி போனது. 1990-இல் மூன்றாம் முறையாக வந்து 1996 வரை ஆண்டார்.

ஆல்ட்டா அணை

புகழ்ந்து மட்டும் எழுதினால் அது பாடம் ஆகாது. அதனால் இதையும் சொல்லணும். நார்வேயின் வடக்கே ஆல்ட்டா ஆற்றில் மின்சாரத்துக்காக அரசு அணை கட்டத் தொடங்கியது. அங்கே வாழ்பவர்கள் "சாமி" என்ற பழங்குடி மக்கள் (நம்ம ஊர் சாமி இல்லை!). துருவ மான் மேய்ப்பது அவர்களில் பலரின் தொழில். முதலில் போட்ட திட்டப்படி மாசி என்ற ஊரே மூழ்கியிருக்கும். எதிர்ப்பு வந்ததும் திட்டத்தைச் சுருக்கினார்கள். ஆனாலும் மேய்ச்சல் நிலம் போய்விடும் என்று சாமி மக்கள் போராடினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 பிப்ரவரியில் 14 சாமிப் பெண்கள் புதுப் பிரதமரை நேரில் பார்த்தார்கள். பதில் திருப்தியாக இல்லாததால் அவர் அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்துதான் வெளியேற்றியது. அணை 1987-இல் முடிந்தது.

அதே 1987-இல்...

1983-இல் ஐ.நா. சபை, சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் சேர்த்து ஆராய ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்கும்படி குரோவைக் கேட்டுக்கொண்டது. குழு பல நாடுகளுக்குப் போய் மக்களிடமே கருத்துக் கேட்டது. நம் நாட்டின் நீதிபதி நாகேந்திர சிங் அதில் ஓர் உறுப்பினர். குழு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில்தான் 1984 டிசம்பரில் போபால் விஷவாயு, 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை விபத்து. 1987-இல் "நமது பொதுவான எதிர்காலம்" என்ற அறிக்கை வந்தது. வறுமையை ஒழிக்காமல் இயற்கையைக் காப்பாற்ற முடியாது, இயற்கையைக் கெடுத்துவிட்டு வறுமையையும் ஒழிக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். 1992 ரியோ மாநாட்டுக்கும், 2015-இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளுக்கும் இதுவே வேர்.

அணையும் அறிக்கையும் ஒரே வருடம்! அப்போ அவர் சொன்னது ஒன்று, செய்தது ஒன்றா? நான் ரொம்ப யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: "வருங்காலத் தலைமுறை" என்று எழுதுவது சுலபம்; எதிரே வந்து உட்காரும் 14 பேருக்குப் பதில் சொல்வது கஷ்டம். மின்சாரமும் வேண்டும், மேய்ச்சல் நிலமும் வேண்டும் என்னும்போது யாருடைய பங்கு குறைகிறது என்று கேட்காவிட்டால் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை. சாமி மக்களின் போராட்டமும் வீண் போகவில்லை. 1989-இல் அவர்களுக்கென்று தனி மன்றம் திறக்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனத்தில்

1998 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தார். 2003-இல் சார்ஸ் காய்ச்சல் பரவியபோது, நோய் பரவிய ஊர்களுக்குப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று அவருடைய நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. வியாபாரம் கெடுமே என்று தயங்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் புகையிலைக்கு எதிரான உலக ஒப்பந்தம் நிறைவேறியது. 2004-இல் இந்தியாவும் அதை ஏற்றது. பீடி, சிகரெட் பாக்கெட்டில் எச்சரிக்கை போட வேண்டும் என்பதை வலியுறுத்தும் ஒப்பந்தம் அதுதான்.

யோசித்துப் பார்ப்போம்!

1. நம் ஊரில் ஒரு சாலையோ ஆலையோ வந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?
2. நஷ்டப்படுபவர்களிடம் யாராவது கேட்டார்களா?
3. அந்த 14 பெண்களுக்கு நீங்கள் பிரதமராக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

மூன்றாவது கேள்விக்கான விடையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல விடைகளை அடுத்த இதழில் ஒட்டுவோம்.