ஸ்கைரிம் பிரியர்களுக்கு: மூட்டை கனக்காமல் பை நிறையச் சில குறிப்புகள்

2011 நவம்பரில் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டை “இந்த ஒரு குகை மட்டும் பார்த்துட்டு எழுந்துடறேன்” என்று சொல்லிக்கொண்டே இன்றும் ஆடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! வாள் வீச்சுக்கும் மந்திரத்துக்கும் யோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இது, வழியில் கிடப்பதையெல்லாம் பொறுக்கி வந்து, பாதி வழியில் கால் நகராமல் நிற்பவர்களுக்காக.

1. எதையும் எடுக்குமுன் விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். இரும்புக் கவசத்துக்கு எடை 30, விலை 125. தங்க மோதிரத்துக்கு எடை வெறும் கால், விலை 75. ஒரு எடைக்குப் பத்து காசாவது தேறாத பொருளை அது கிடக்கிற இடத்திலேயே விட்டுவிடலாம்.

2. காசு, பூட்டுத் திறக்கும் லாக்பிக், அம்பு இவற்றுக்கு எடையே இல்லை. யோசிக்காமல் அள்ளுங்கள், விழுந்து கிடக்கும் கொள்ளைக்காரன் உடம்பில் தைத்த உங்கள் அம்பு உட்பட. சர்வைவல் மோடு போட்டிருந்தால் மட்டும் அம்புக்கும் லாக்பிக்குக்கும் எடை உண்டு.

3. டிராகன் எலும்பின் எடை 15, செதிலின் எடை 10. பார்த்ததும் பயமாகத்தான் இருக்கும், ஆனால் எலும்பு 500 காசு, செதில் 250 காசு. முதல் குறிப்பின் கணக்கில் இரண்டுமே தாராளமாகத் தேறுகின்றன; அதற்கு இடம் பண்ண, கையிலிருக்கும் துருப்பிடித்த கோடாரிகளை வீசிவிடுங்கள்.

4. தொடக்கத்தில் நாம் சுமக்க முடிந்த எடை 300. லெவல் ஏறும்போது ஸ்டாமினாவைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் 5 கூடும். இது போதாது என்கிறவர்கள் சாலிட்யூடுக்கு வடமேற்கே நிற்கும் ‘ஸ்டீட் ஸ்டோன்’ கல்லை ஒரு தடவை தொட்டு வாருங்கள். சுமை ஒரேயடியாக 100 கூடுவதோடு, உடம்பில் போட்டிருக்கும் கவசத்தின் எடையும் கணக்கில் வராது.

5. லிடியா மாதிரி கூட வருபவர்களிடம் சாமான் கொடுக்கும்போது “இதற்கு மேல் முடியாது” என்று ஒரு கட்டத்தில் கைவிரிப்பார்கள். அப்போது பொருளைத் தரையில் போட்டு, அதை எடுக்கச் சொல்லிக் கட்டளையிடுங்கள். அளவு பார்க்காமல் எடுத்துக்கொள்வார்கள்.

6. சுமை மீறிவிட்டால் மேப்பைத் திறந்து ஊருக்குப் பறக்க முடியாது. ஆனால் குதிரை மேல் உட்கார்ந்திருந்தால் முடியும்! வொயிட்ரன் லாயத்தில் குதிரை 1,000 காசு; இரண்டு குகைச் சாமானை முழுசாகக் கொண்டுவந்து விற்றால் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்.

7. இன்னும் கால் வைக்காத பெரிய நகரத்துக்கு நடந்து போய் ஓநாயிடம் கடி வாங்க வேண்டாம். லாயத்து வாசலில் நிற்கும் வண்டிக்காரருக்கு 20 காசு கொடுத்தால் கொண்டுபோய் விடுவார். அதன்பின் அந்த ஊர் மேப்பில் உங்கள் சொத்து.

8. சொந்த வீடு வாங்கும்வரை கண்ட பீப்பாயில், பெட்டியில் பொருளை ஒளித்து வைக்காதீர்கள். பத்து நாள் அந்தப் பக்கம் போகாவிட்டால் பல இடங்களில் உள்ளிருப்பதெல்லாம் புதிதாக மாறி, நீங்கள் வைத்தது காணாமல் போகும். வொயிட்ரனில் பிரீஸ்ஹோம் வீடு 5,000 காசுதான், அங்குள்ள பெட்டிகளில் வைத்தது வைத்தபடி இருக்கும்.

9. இதே விஷயத்தை நமக்கு லாபமாகவும் திருப்பிக்கொள்ளலாம். சுத்தமாகக் காலி செய்த குகை முப்பது நாள் கழித்து மறுபடி நிரம்பும். கைக்கு எளிதான, ஊருக்குப் பக்கத்திலுள்ள நாலைந்து இடங்களைக் குறித்துவைத்து மாதம் ஒரு நடை போய் வாருங்கள்.

10. கடைக்காரரிடம் காசு தீர்ந்துவிட்டதா? 48 மணி நேரத்தில் அவர் கல்லா நிரம்பிவிடும், காத்திருக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். அதற்கும் பொறுமையில்லை என்றால், உங்களுக்கு எப்படியும் தேவைப்படும் இங்காட்டையும் தோலையும் முதலில் வாங்குங்கள். நீங்கள் கொடுத்த காசையே அவர் திருப்பித் தந்து உங்கள் வாளை வாங்கிக்கொள்வார்.

11. பறித்த பூவையும் இலையையும் அப்படியே விற்பது வீண். நீல மலைப்பூவும் கோதுமையும் சேர்ந்தால் உடல் தேற்றும் மருந்து. இரண்டும் வொயிட்ரன் சுற்றுவட்டாரத்திலேயே கொட்டிக் கிடக்கின்றன. அதோடு ஜயன்டின் கால்விரல் ஒன்று சேர்ந்தால் பாட்டில் விலை எங்கோ போய்விடும், அதனால் ஜயன்டை வீழ்த்தினால் காலைக் கவனிக்காமல் நகராதீர்கள்.

12. புது மூலிகையின் குணம் தெரிய ஒன்றைத் தின்று பார்க்கலாம், முதல் குணம் தெரிந்துவிடும். அரிதாகக் கிடைப்பதை மட்டும் ஒன்றுக்கு இரண்டாகச் சேரும்வரை வாயில் போடவேண்டாம்.

13. முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, லீக் நான்கிலும் ஒவ்வொன்று எடுத்து அடுப்பில் காய்கறி சூப் வையுங்கள். 720 வினாடிக்கு, வினாடிக்கு ஒரு புள்ளி வீதம் உயிரும் ஸ்டாமினாவும் ஏறிக்கொண்டே இருக்கும். துளி ஸ்டாமினா இருந்தாலும் பலத்த வெட்டு வெட்டலாம் என்பதால், சூப் வேலை செய்யும்வரை கை ஓயாது. என்னைக் கேட்டால், விலை உயர்ந்த மருந்துப் பாட்டில்களை விற்றுவிட்டு இந்தச் சூப்பை நம்பலாம்.

14. ட்வெமர் இடிபாடுகளில் பளபளக்கும் எல்லாவற்றையும் தூக்காதீர்கள். வளைந்த தகடு, சின்னத் தகடு போன்றவற்றின் எடை 2, உருக்கினால் மூன்று இங்காட். கெட்டியான பெரிய துண்டின் எடையோ 25, கிடைப்பது ஐந்துதான். பற்சக்கரம், கிண்ணம், நெம்புகோல் எதுவும் உருகாது.

15. வொயிட்ரனுக்கு வடக்கே ஹால்டட் ஸ்ட்ரீம் முகாமில் கொள்ளைக்காரர்களைத் தீர்த்துவிட்டு உள்ளே தேடினால், ‘டிரான்ஸ்மியூட்’ மந்திரப் புத்தகம் கிடைக்கும். இரும்புத் தாது வெள்ளியாகும், வெள்ளி தங்கமாகும். ஒரு முறை மந்திரம் போட்டால் ஒரு தாதுதான் மாறும் என்பதால், ஊருக்கு நடந்து போகும் நேரத்தில் கைவேலையாகச் செய்துகொண்டே போகலாம். பிறகு நகையாக்கி விற்றால் கொல்லர் வேலையிலும் தேர்ச்சி கூடும்.

16. பிளீக் ஃபால்ஸ் பேரோ மாதிரி இடங்களில் மூன்று வளையம் கொண்ட கதவு வழிமறித்தால் யாரையும் கேட்கவேண்டாம். அதற்குச் சாவியாகப் பையில் இருக்கும் நகவடிவப் பொருளை உள்ளங்கைப் பக்கம் தெரியும்படி திருப்பிப் பெரிதாக்கிப் பாருங்கள். வளையங்களை எந்த வரிசையில் வைக்கவேண்டும் என்று அதிலேயே பொறித்திருக்கும்.

17. தண்ணீர் ஓரம் நடக்கும்போது பின்னணி இசையைக் குறைத்துவிடுங்கள், நிர்ன்ரூட் செடியின் ரீங்காரம் தெளிவாகக் கேட்கும். பிளாக்ரீச்சுக்குள் இறங்கியவர்கள் சிவப்பு நிர்ன்ரூட் முப்பது சேர்த்து சரேத்தி பண்ணையில் கொடுத்தால், மருந்து காய்ச்சும்போது நாலில் ஒரு தடவை ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கும் வரம் உண்டு.

18. பாரென்சியா கற்கள் மொத்தம் 24. பாதியில் விடுவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம், ஏனென்றால் எடுத்த கல்லைக் கீழே போடவும் முடியாது. முடித்துக் காட்டினாலோ, அதன்பின் திறக்கும் பெட்டிகளில் ரத்தினம் அகப்படும் வாய்ப்பு எகிறும். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே முடித்தால்தான் இதில் லாபம்.

19. கல்யாணம் செய்துகொண்டால் துணைவர் ஒரு கடை நடத்தி நாளுக்கு 100 காசு உங்கள் பங்காகத் தருவார், நீங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்கும் சேர்த்து! ரிஃப்டனில் மாரா கோயில் பூசாரியிடம் தாயத்து 200 காசு. இரண்டு நாள் வருமானத்தில் தாயத்துச் செலவு கழிந்துவிடும்.

20. லெவல் 12 தாண்டிய பிறகு ஏதாவது பெட்டியில் ‘மெரிடியாவின் பீக்கன்’ என்ற வெள்ளைக் கல் தானாக உங்கள் கைக்கு வந்து, ஒரு குரல் அதிகாரமாகக் கூப்பிடும். தள்ளிப்போடாமல் சாலிட்யூடுக்கு மேற்கே உள்ள மெரிடியாவின் கோயிலுக்குப் போய்விடுங்கள். வேலை முடிந்தால் கிடைக்கும் ‘டான்பிரேக்கர்’ வாள், கல்லறைகளில் எழுந்து வரும் டிராகர் கூட்டத்துக்கு அருமையான ஆயுதம். அதை மட்டும் விற்றுவிடாதீர்கள்.