குப்பியும் மூட்டையும்

உரக்கடையில் 45 கிலோ யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் 500 மில்லி குப்பி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நானோ யூரியா என்னும் திரவ உரம் அது. ஒரு குப்பி ஒரு மூட்டைக்கு ஈடு என்ற விளம்பரத்துடன் 2021-இல் விற்பனைக்கு வந்தது. உங்கள் வீட்டில் வெங்காயம் பயிரிட்டால், "எதை வாங்கலாம்?" என்று அப்பா உங்களையே கேட்கக் கூடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நானோ மீட்டர் என்பது ஒரு மில்லி மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1 சென்டி மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டி மீட்டர்தான். அதையே 100 நானோ மீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால், மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டர் ஆகிவிடும். கிட்டத்தட்ட ஒன்றரை சென்ட் நிலம்! இலையின் மீது பரவவும் உள்ளே நுழையவும் இது உதவும் என்பதே நானோ உரத்தின் தத்துவம். ஆனால் சாதாரண யூரியாவும் நீரில் கரைந்தால் தனித்தனி மூலக்கூறுகளாகத்தான் பிரிகிறது. அதுவும் இலைக்குள் செல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

இனி எடைக்கு வருவோம். 100 கிராம் வெங்காயத்தில் புரதம் சுமார் 1.25 கிராம் எனக் கொள்வோம். புரதத்தில் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, 16 சதவீதம். ஆகவே ஒரு டன் வெங்காயம் 2 கிலோ தழைச்சத்தை வயலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஏக்கருக்கு 5 டன் விளைந்தால் 10 கிலோ. 2021-இல் வந்த குப்பியில் இருந்ததோ 4 சதவீதம், அதாவது 20 கிராம். பத்துக் கிலோ வெங்காயத்துக்குத்தான் அது காணும்! பின்னர் வந்த 20 சதவீத வகையிலும் 100 கிராம்தான். துகள் எவ்வளவு சிறுத்தாலும் அணுக்களின் எண்ணிக்கை பெருகாதல்லவா?

மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து உண்டு. அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி நீருடன் கீழே இறங்கிவிடும். வெங்காய வேர் ஆழம் போகாது. இறங்கியதை எட்டிப் பிடிக்க முடியாது. ஆகவே மேலுரத்தைப் பிரித்துப் பிரித்து இடுவது நல்லது. சின்ன வெங்காயத்துக்கு எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து அடியுரமாகவும், 30-ஆம் நாள் இன்னொரு 30 கிலோ மேலுரமாகவும் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். இதன் துணையாகத் தெளிப்பு இருக்கலாம். மாற்றாக இருக்க முடியாது. பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகச் சோதனையில் யூரியாவைக் குறைத்து நானோ யூரியா தெளித்தபோது நெல், கோதுமை விளைச்சல் குறைந்தது.

துத்தநாகத்தின் கதை வேறு. ஒரு டன் வெங்காயத்தில் இருப்பது இரண்டு கிராம்கூட இல்லை. இத்தகைய நுண்ணூட்டங்களை இலை வழியே ஊட்டுவது கணக்குக்கு ஒத்துவரும். வெங்காயத் தாள் மெழுகு பூசி நிமிர்ந்து நிற்பதால் துளிகள் உருண்டோடிவிடும். ஒட்டும் திரவம் கலந்தே தெளிக்க வேண்டும்.

நீங்களே சோதிக்க நான்கு தொட்டிகள் போதும். அடியுரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. முதலாவதற்கு முழு மேலுரம், இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்குப் பாதியுடன் நானோ தெளிப்பு, நான்காவதற்குப் பாதியுடன், அந்தத் தெளிப்பிலுள்ள அதே அளவு தழைச்சத்தைச் சாதாரண யூரியாவாகக் கரைத்துத் தெளிப்பு. முதல் இரண்டுக்கும் வெறும் நீரைத் தெளியுங்கள். பலரும் விட்டுவிடுவது நான்காவது தொட்டியை, அதை விட்டுவிடாதீர்கள். அறுவடையில் காய்களை எண்ணுவதுடன் நிறுத்தாமல், தாள் உலர்ந்த பிறகு எடையும் போடுங்கள்.