வீட்டுக்குப் பக்கத்தில் ஆபத்தான களஞ்சியமா? நீங்களும் ஆட்சேபிக்கலாம்



இம்முறை பாடம் ஒரு ஜேர்மன் சொல்லோடு தொடங்குகிறது: லாகர். அகதி முகாமுக்கும் லாகர் என்றுதான் சொல்லுவார்கள், பொருட்களைக் குவித்து வைக்கும் களஞ்சியத்துக்கும் அதே சொல்தான். புதிதாக வந்தவர்களுக்கு இது குழப்பம். ஆனால் சில இடங்களில் இந்த இரண்டு லாகரும் உண்மையிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தொழிற்பேட்டைக்குள் வழமையாக வீடு கட்ட அனுமதி இல்லை. ஆனால் 2014 கடைசியில் கட்டடச் சட்டத்தின் 246 ஆம் பிரிவை மாற்றி, அகதிகளுக்கான விடுதிகளை மட்டும் அங்கே கட்ட வழி விட்டார்கள். ஆகவே உங்கள் ஹைமின் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு களஞ்சியம் தெரிவது புதினம் இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. கையில் கெஷ்டாட்டுங் அட்டை மட்டும் இருந்தாலும் உண்டு. எப்படி என்று பார்ப்பதற்கு முன், ஏன் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

2000 மே 13, சனிக்கிழமை பிற்பகல். நெதர்லாந்தில் ஜேர்மன் எல்லைக்குக் கிட்டவுள்ள என்ஸ்கெடே நகரில் ஒரு வாணவெடிக் களஞ்சியம் தீப்பிடித்து வெடித்தது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் தீயணைக்கப் போனவர்கள். ஏறத்தாழ 950 பேர் காயப்பட்டார்கள், சுமார் 400 வீடுகள் இல்லாமல் போயின. றூம்பேக் என்ற அந்தப் பகுதி சாதாரண தொழிலாளர் குடியிருப்பு. 1977 இல் களஞ்சியம் வந்தபோது அது ஊரின் ஓரத்தில் கிடந்தது, பிறகு வீடுகள் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டன. பக்கத்துத் தெருவில் இருந்த பலருக்கே அங்கே வாணவெடி இருப்பது தெரியாது. பின்பு நடந்த விசாரணையில் வெளிவந்தது என்ன? அனுமதியில் எழுதியிருந்ததைவிட ஆபத்துக் கூடிய வெடிகள் உள்ளே இருந்தன. அனுமதி இல்லாமல் வைத்த கொள்கலன்களுக்கு நகரசபை பிறகு அனுமதி எழுதிக் கொடுத்திருந்தது. ஐரோப்பாவில் எல்லாம் ஒழுங்காக நடக்கும், நாங்கள் வாயைத் திறக்கத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

எங்கட பக்கத்துக் கதையும் இருக்கிறது. 2010 செப்டெம்பர் 17 ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தின் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில், வீதி வேலைக்காகக் கொண்டுவந்து கொள்கலன்களில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே வைத்திருந்த சாமானைப் பற்றி அங்கே யார் போய் ஆட்சேபிப்பது?

சென்னை மணலியில் கதை வேறு மாதிரி முடிந்தது. 2015 இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த 740 தொன் அமோனியம் நைத்திரேற்று 37 கொள்கலன்களில் வருடக்கணக்காக அங்கே கிடந்தது. 2020 ஓகஸ்ட் 4 இல் பெய்ரூட் துறைமுகத்தில் அதே இரசாயனம் 2,750 தொன் வெடித்து 200 க்கு மேற்பட்டோர் இறந்த பிறகுதான் மணலி மக்களின் குரல் எடுபட்டது. அப்போது சுங்கத்துறை, இரண்டு கிலோமீற்றருக்குள் குடியிருப்பே இல்லை என்றது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போய்ப் பார்த்தபோது மணலி புதுநகர் சுமார் 700 மீற்றரில் இருந்தது. சில வாரங்களுக்குள் சரக்கு ஐதராபாத்துக்கு ஏற்றப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது அந்த 700 என்ற எண். "பயமாக இருக்கிறது" என்று ஆயிரம் பேர் சொன்னாலும், தூரத்தை அளந்து ஒருவர் எழுதிய ஒரு வரிக்குத்தான் அலுவலகம் பதில் தேட வேண்டி வரும்.

இனி ஆஹெனுக்கு வருவோம்.

யாரிடம் கேட்பது?

பெரிய அளவில் ஆபத்தான பொருள் வைக்கும் இடங்களை ஆஹென் பகுதியில் மேற்பார்வை செய்வது கொலோனில் உள்ள பெட்சிர்க்ஸ்ரெகியருங். எங்கள் ஊர்க் கச்சேரி மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிய பிரதேசத்துக்கு. சிறிய களஞ்சியம் என்றால் நகரத்தின் கட்டட அலுவலகம், அதாவது பவ்அவுஃப்சிஷ்ட். எதில் கொடுப்பது என்று தெரியாவிட்டால் ஒன்றில் கொடுத்து, உரிய இடத்துக்கு அனுப்பும்படி எழுதுங்கள்.

ஒரு களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்று சுற்றாடல் தகவல் சட்டத்தின்படி எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பெரிய விபத்து நேரக்கூடிய இடங்கள், அதாவது ஷ்டோர்ஃபால் சட்டத்துக்குள் வருபவை, என்ன வகைப் பொருள் இருக்கிறது, விபத்து நடந்தால் அயலவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாங்களாகவே இணையத்தில் போட்டிருக்க வேண்டும்.

உங்கள் கண்ணாலும் கொஞ்சம் அறியலாம். உள்ளே போகும் லொறியின் செம்மஞ்சள் தகட்டைப் பாருங்கள். மேலே ஆபத்து எண், கீழே பொருளின் எண். 33 மேலும் 1203 கீழும் என்றால் பெற்றோல். 1942 என்றால் மணலியில் கிடந்த அதே அமோனியம் நைத்திரேற்று. திகதி, நேரம், எண் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வேலியைத் தாண்டி உள்ளே போய்ப் படம் எடுக்க வேண்டாம், அது உங்களுக்குத்தான் வழக்காக முடியும்.

ஐன்வென்டுங் என்றால் என்ன?

புதிய களஞ்சியம் வருகிறது, அல்லது இருக்கிறதைப் பெருப்பிக்கப் போகிறார்கள். அளவு பெரிதென்றால் பொதுமக்களைக் கேட்காமல் அனுமதி கொடுக்க முடியாது. உதாரணமாகத் திரவ வாயு 3 தொன் தொடக்கம் அனுமதி வேண்டும், 30 தொன் தொடக்கம் மக்களையும் கேட்க வேண்டும். அதற்குப் பெகான்ட்மாகுங் என்ற அறிவித்தல் வெளிவரும். விண்ணப்பப் பத்திரங்கள் ஒரு மாதம் பார்வைக்கு இருக்கும். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஆட்சேபனை அனுப்பலாம், கடைசித் திகதி அறிவித்தலிலேயே இருக்கும். அந்தத் திகதிதான் ஃபிரிஸ்ட். அசூல் வழக்கில் ஃபிரிஸ்ட் தவறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். இதிலும் பிந்தி வரும் கடிதத்தை எடுக்க மாட்டார்கள்.

சட்டத்தில் "ஜேர்மன் பிரசை" என்று இல்லை, "எவரும்" என்று இல்லாவிட்டாலும் அந்தக் கருத்தில்தான் இருக்கிறது. விசா வகை கேட்க மாட்டார்கள், கட்டணமும் இல்லை. உங்கள் அசூல் விண்ணப்பத்தைப் பார்ப்பது வேறு அலுவலகம், இது வேறு விடயம். கொம்பனிக்கு உங்கள் பெயர் போவது விருப்பமில்லையா? பெயரையும் விலாசத்தையும் மறைத்து அனுப்பும்படி கடிதத்திலேயே கேளுங்கள், அதற்கு விதி இருக்கிறது. ஆனால் அலுவலகத்துக்குப் பெயர் போட வேண்டும். மொட்டைக் கடிதம் எழுதிப் பயனில்லை.

கடிதத்தில் என்ன எழுதுவது? அறிவித்தலில் உள்ள கோப்பு இலக்கம் முதலில். பிறகு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், களஞ்சியத்தின் வேலிக்கும் உங்கள் கட்டடத்துக்கும் எத்தனை மீற்றர். கைத்தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து அளக்கலாம். எத்தனை பேர் இரவில் அங்கே படுக்கிறார்கள், எத்தனை குழந்தைகள், நடக்க முடியாதவர் யாரும் உண்டா, வெளியேற எத்தனை வழி. எச்சரிக்கை ஜேர்மன் மொழியில் மட்டும் வந்தால் எத்தனை பேருக்கு விளங்காது. இந்தக் கடைசி விடயத்தை அயலிலுள்ள ஜேர்மன் குடும்பம் எழுதப் போவதில்லை, நீங்கள்தான் எழுத வேண்டும். விண்ணப்பத்தில் பாதுகாப்புத் தூரத்தைக் கணக்கிட்டபோது உங்கள் ஹைமையும் சேர்த்தார்களா என்று கேளுங்கள். அந்தத் தூரத்தைப் பார்ப்பது ஐரோப்பியச் சட்டப்படி கட்டாயம்.

எல்லோரும் ஒரே கடிதத்தில் ஒப்பம் வைப்பதென்றால் ஒரு விடயம். 50 பேருக்கு மேல் சேர்ந்தால் அவர்களுக்காகப் பேச ஒருவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். எங்கள் எண்ணத்தில், ஐம்பது ஒப்பம் உள்ள ஒரு தாளைவிட, தங்கள் தங்கள் நிலைமையைச் சொல்லும் ஐந்து கடிதங்கள் கூடப் பயன் தரும். கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொண்டு வந்தாலும் ஆலோசனை நேரத்தில் ஜேர்மனில் எழுத உதவி கேட்கலாம். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

எழுதினால் நின்றுவிடுமா?

பெரும்பாலும் நிற்காது. கிடைப்பது நிபந்தனைகள்தான்: அளவைக் குறை, சுவர் கட்டு, எச்சரிக்கை ஒலி வை. அதுவும் சின்ன விடயம் இல்லை. ஓரிடத்தில் நின்றாலும் சாமான் இன்னொருவர் வீட்டுப் பக்கம் போகும். ஆஹெனுக்குக் கிட்ட உள்ள யூலிஷில் பழைய அணு உலையின் எரிபொருள் 152 கொள்கலன்களில் ஒரு மண்டபத்தில் வைக்கப்பட்டது. அனுமதி 2013 இல் முடிந்தது, 2014 இல் மாநில அரசு வெளியேற்றச் சொன்னது. அதை ஆஹவுஸ் ஊருக்குக் கொண்டுபோவோம் என்றவுடன் ஆஹவுஸ் மக்கள் எதிர்த்தார்கள். அவர்களைப் பிழை சொல்ல முடியுமா? ஆஹென் மக்களும் இதில் பழகினவர்கள். பெல்ஜியத்தின் திஹாஞ்ச் அணு உலைக்கு எதிராக 2017 ஜூனில் எல்லை தாண்டி மனிதச் சங்கிலி கோர்த்தார்கள், அதே வருடம் இங்கே அயோடின் குளிசையும் கொடுத்தார்கள். 2023 ஜனவரி 31 இல் திஹாஞ்ச் 2 ஆம் உலை மூடப்பட்டது. ஆகவே ஆட்சேபனை எழுதுகிற அகதியை இங்கே யாரும் விசித்திரமாகப் பார்க்கப் போவதில்லை.

கடிதத்துக்கு நேரமில்லாத நிலைமை வேறு. மணம், புகை, கசிவு என்றால் உடனே 112. ஜேர்மன் தெரியாவிட்டாலும் "ஃபொயர்" என்று சொல்லி விலாசத்தைச் சொல்லுங்கள். 2021 ஜூலை 27 இல் லெவர்குசனில் இரசாயனக் கழிவுத் தாங்கிகள் வெடித்து 7 பேர் இறந்தபோது, அயலவர்களுக்குச் சொன்னது ஜன்னல் கதவைப் பூட்டி உள்ளே இருங்கள் என்பதுதான். வெளியே ஓடிப் பார்க்கப் போகாதீர்கள். சைரன் ஒரு நிமிடம் ஏறி இறங்கி ஒலித்தால் ஆபத்து, ஒரே சீராக ஒரு நிமிடம் ஒலித்தால் ஆபத்து நீங்கியது. செப்டெம்பர் இரண்டாவது வியாழக்கிழமை காலை 11 மணிக்கு நாடு முழுக்கப் பரீட்சைக்காக ஒலிப்பார்கள். போர்ச் சத்தம் கேட்டு வந்தவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, அதை முதல் நாளே சொல்லி வையுங்கள்.