கூண்டில் சொல்லும் ‘ஆமாங்க’

குடும்ப நீதிமன்றத்தில் எனக்கு இன்னொரு பெயர்: ம.சா.1. மனுதாரர் தரப்பு முதல் சாட்சி. விவாகரத்தும் ஜீவனாம்சமும் கேட்டவள் நான் என்பதால் முதலில் கூண்டேற வேண்டியவளும் நான்தான். அன்னூர்ப் பக்கத்திலிருந்து காந்திபுரத்துக்கு பஸ் ஏறி, கோவை நீதிமன்ற வளாகத்துக்கு எத்தனையோ வாய்தாவுக்குப் போயிருக்கிறேன். கவுன்சலிங்குக்குப் போனபோது இல்லாத நடுக்கம் சாட்சி சொல்ல வேண்டிய தேதி வந்ததும் பிடித்துக்கொண்டது. அடுத்து அந்தப் படியேறப்போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மனுவை நீங்களே படியுங்கள். என் மனு ஆங்கிலத்தில் இருந்தது. வக்கீல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. சாட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கல்லூரியில் படிக்கிற அண்ணன் மகளை உட்காரவைத்து வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். போலீஸ் புகாரில் 35 பவுன், மனுவில் 40 பவுன் என்று இருந்தது அப்போதுதான் தெரிந்தது. இரண்டுமே பொய்யில்லை. ஐந்து பவுன் மாமன் சீர். புகார் எழுதிய அன்று அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். அன்றைக்கே வக்கீலிடம் சொல்லிவிட்டேன். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அந்தப் பவுன் கணக்குதான்.

தையலில் எனக்குக் கொஞ்சம் வருமானம் உண்டு. அதைச் சொன்னால் ஜீவனாம்சம் குறைந்துவிடும், வாயைத் திறக்காதே என்றார்கள் சொந்தக்காரர்கள். நான் கேட்கவில்லை. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தையல் காசை மறைத்து மாட்டியிருந்தால், நான் பட்ட பாட்டையும் யார் நம்பியிருப்பார்கள்?

வாட்ஸ்அப் செய்திகளைப் பிரிண்ட் எடுத்தால் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். செய்தி இருக்கிற போனைப் பத்திரமாக வைத்திருங்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு வேண்டிய சான்றிதழை வக்கீலிடம் கேட்டு முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. கல்யாணம் பேசி முடித்த ஊர்ப் பெரியவர் வந்தால் கனமாக இருக்கும் என்றார் அப்பா. ஆனால் அவர் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த சித்திதான் பார்த்தவர்.

“கேள்விப்பட்டதை எல்லாம் அங்க சொல்லிப்போடாதீங்க சித்தி. பார்த்ததை மட்டும் சொல்லுங்க.”

“நான் பார்த்தது ரெண்டே நாள்தானே கண்ணு.”

“ரெண்டு நாள் போதுமுங்க.”

முதல் விசாரணையைப் பெரும்பாலும் ப்ரூஃப் அஃபிடவிட்டாக எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே வாய் திறந்து பேசுவது கிட்டத்தட்ட முழுக்கக் குறுக்கு விசாரணையில்தான். மகனைப் பற்றிய ஒரு கேள்வியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வருசக்கணக்கில் மனசில் கிடந்ததை எல்லாம் கொட்டினேன். கேட்ட கேள்விக்கான பதிலாகப் பதிவானது ஒரே ஒரு வரி: மகனைப் பார்க்க எதிர்மனுதாரர் வந்தது உண்மைதான். அவர் வந்தது உண்மைதானே! அதற்குமேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மிச்சம் எல்லாம் என் துக்கம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விட்டுப்போனதை உங்கள் வக்கீல் மறுவிசாரணையில் கேட்க வழி இருக்கிறது. நாலு பேர் முன்னால் சொல்லக் கூசுகிற விஷயம் என்றால், மூடிய அறையில் விசாரிக்கும்படி கேளுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி இருவரில் ஒருவர் கேட்டாலே போதும்.

எல்லாவற்றையும்விட என்னைத் தடுமாற வைத்தது நம் பேச்சுப் பழக்கம். கொங்குச் சீமையில் யார் எது சொன்னாலும் ‘ஆமாங்க’ என்றுதானே ஆரம்பிப்போம்? காதில் விழுந்தது என்பதற்கான மரியாதை அது. கூண்டில் அதே சொல் ஒப்புக்கொண்டதாகிவிடும். “பணமே வரவில்லை என்று நீங்கள் சொல்வது சரியல்ல என்கிறேன்” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். “ஆமாங்க, வரலைங்க” என்றேன். நீதிபதி நிமிர்ந்து பார்த்து, “எது ஆமா? பணம் வந்ததா, வரவில்லையா?” என்று கேட்டார். “ஒரு மாசமும் வரலைங்க” என்றேன். பிறகுதான் பதிவானது.

வீட்டில் யாரையாவது இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள். ‘ஆமா’, ‘இல்லை’ இரண்டையும் விட்டுவிட்டு, நடந்ததை முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: பணம் வரவில்லை. நானாக வெளியேறவில்லை. சாட்சியத்தாளில் மறுப்பெல்லாம் ‘என்றால் சரியல்ல’ என்றே முடியும். ‘பணம் வரவில்லை என்றால் சரியல்ல’ என்று ஒரு வரி இருந்தால், பணம் வந்தது என்றல்லவா ஆகிவிடும்?

சாயங்காலம் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்கள். ஊருக்குப் போகிற பஸ்ஸை நினைத்து அப்பா வாசலில் தவித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் நின்றார்கள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ‘சரியல்ல’வுக்கும் முன்னால் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் படித்தேன்.