அடிமரத்தில் முளைத்த சுள்ளிகள்: மூளையின் நுண்தமனிகள்

நம் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. அதில் முக்கால் லிட்டர் மூளைக்குப் போகிறது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள ஓர் உறுப்புக்கு இது பெரும்பங்கு அல்லவா? கழுத்தின் முன்புறம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டி இரண்டு என நான்கு பெருந்தமனிகள் அதனைச் சுமந்து சென்று, மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. தாமஸ் வில்லிஸ் 1664-இல் வெளியிட்ட நூலில் விளக்கப்பட்டதால் அது வில்லிஸ் வளையம் எனப் பெயர் பெற்றது. இவ்வளையத்தைப் பற்றி உயிரியல் படித்த நண்பர்கள் அறிந்திருப்பர். நான் பேச விழைவது, அதிலிருந்தும் அதன் அருகிலிருந்தும் பிரியும் மிகச் சிறிய தமனிகளைப் பற்றி.

எல்லாத் தமனிகளும் ஒரே விதமாகக் கிளைப்பதில்லை. மூளையின் மேற்பரப்பில் ஓடுபவை இரப்பர் மரம் போன்றவை. அடிமரம், கிளை, கொப்பு, சுள்ளி எனப் படிப்படியாக மெலிகின்றன. அவற்றின் நுனிகள் அண்டைத் தமனியின் நுனிகளோடு ஆங்காங்கே கைகோத்திருக்கும். என் ஊர் பெக்கான் நானாஸ். ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் சாலையில் பயணித்தவர்களுக்கு அது அன்னாசி ஊர் என்று தெரியும். அங்குள்ள சதுப்பு மண்ணில் அன்னாசி வளர வேண்டுமானால், தோட்டமெங்கும் 'பாரிட்' வெட்ட வேண்டும். ஒரு பாரிட்டில் புல் மண்டி அடைத்துக்கொண்டாலும், நீர் பக்கத்துப் பாரிட் வழியாகச் சுற்றிப் போய்விடும். மேற்பரப்புத் தமனிகளின் பிணைப்பும் இத்தகையதே. முழுமையாக இல்லாவிடினும் ஓரளவு காப்பாற்றும்.

மூளையின் ஆழத்தில் கதை வேறு. நடுப்பெருமூளைத் தமனியின் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர். அதன் தொடக்கப் பகுதியிலிருந்து, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பல தமனிகள் ஏறக்குறைய செங்கோணத்தில் பிரிந்து, மூளையைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. லெண்டிகுலோஸ்ட்ரையேட் தமனிகள் என்பது அவற்றின் மருத்துவப் பெயர். துளைத் தமனிகள் என்று நாம் அழைக்கலாம். கிளையும் கொப்பும் இல்லாமல், அடிமரத்திலேயே நேராகச் சுள்ளி முளைத்தது போன்ற அமைப்பு இது. மூளையின் மையத்திலுள்ள தாலமசுக்கும், மூளைத்தண்டுக்கும் இத்தகைய தமனிகளே செல்கின்றன.

இவ்வமைப்பால் இரண்டு தொல்லைகள். முதலாவது, படிப்படியாகக் குறைய வேண்டிய அழுத்தம் அவ்வளவாகக் குறையாமலேயே இம்மெல்லிய சுவர்களில் மோதுகிறது. இரண்டாவது, இவை முடிவுத் தமனிகள். ஒன்று அடைபட்டால், அண்டையிலிருந்து குருதி வந்து ஈடுசெய்ய வழியில்லை. இறந்தோரின் மூளை நாளங்களில் நிறக் கலவையைச் செலுத்தி இவ்வுண்மையை நிறுவியவர்களுள் ஜெர்மனியின் ஹொய்ப்னரும் பிரான்சின் டியூரேயும் முதன்மையானவர்கள். ஹொய்ப்னரின் ஆய்வு வெளிவந்தது 1872-இல்.

தமிழ்ப் பேரவை இதழுக்கு எழுதுவதால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே 1872-இல்தான் யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீனின் முயற்சியால், கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வந்தது. மானிப்பாயில் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நாம் தமனி, சிரை என்பதை இலங்கைப் பாடநூல்கள் நாடி, நாளம் என்கின்றன. எச்சொல் சிறந்தது என்ற வழக்குக்குள் நான் புகவில்லை. இப்பொருளைத் தமிழில் சொல்ல இயலுமா என்ற ஐயம் மட்டும் எனக்கு என்றுமே எழுந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாமாவுக்கு ஒரு விடியற்காலையில் வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. முகமும் கோணியது. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. நாங்கள் சொன்னதெல்லாம் புரிந்தது. ஸ்கேன் படத்தில் மருத்துவர் காட்டிய புள்ளி ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. "இத்தனூண்டு புள்ளிக்கா ஓர் ஆள் சாய்ந்துவிட்டார்?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி.

விடை இடத்தில் இருக்கிறது. கை, கால், முகம் ஆகியவற்றை இயக்கும் நரம்பிழைகள் மூளையின் அகன்ற மேற்பரப்பில் தொடங்கினாலும், கீழே இறங்கும்போது உள்ளுறை என்னும் ஒடுங்கிய வழியில் நெருக்கியடித்துச் செல்கின்றன. காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஜொகூர் பாலத்தில் வந்து குவிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு சிறு விபத்து போதும். உள்ளுறைக்குக் குருதி தருவதில் பெரும்பங்கு துளைத் தமனிகளுடையது. கனடாவில் பிறந்த நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர், இத்தகைய சிறு குழிகளை ஆராய்ந்து 1965-இல் விரிவாக எழுதினார். 'லக்கூன்' என்பது அவற்றின் பெயர். நீண்ட கால இரத்தக் கொதிப்பால் நுண்தமனியின் சுவர் தடித்துச் சிதைந்து, உள்வழி தூர்ந்துபோவதை அவர் காட்டினார். தூர்வதற்குப் பதில் அதே சுவர் வெடித்தால் மூளைக்குள் குருதி கசியும். துளைத் தமனிகளில் ஒன்றை 'மூளைக் குருதிப்பெருக்கின் தமனி' என்றே சார்க்கோ பெயரிட்டு அழைத்தார்.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு உள்ளது. நம்மவர்களிடம் நான் அதிகம் கேட்ட சொல், "தலை சுற்றவில்லை, மாத்திரை எதற்கு?" என்பதுதான். துளைத் தமனிக்கு வலிக்காது. லக்கூன்களில் பல எவ்வித அறிகுறியும் இன்றியே உண்டாகின்றன. அவை பெருகும்போது நடை தளர்கிறது, சிந்தனை மந்தமாகிறது. வீட்டார் அதை வயதின் மேல் போட்டுவிடுகின்றனர்.

இன்னொன்று. கை கால் விழுந்தவுடன் 'ஆங்கின் அஹ்மார்' என்று சொல்லி, உருவி விடும் ஆளைத் தேடி அலையும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் மறையவில்லை. உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குமுன் ஸ்கேன் எடுத்து, கசிவா அடைப்பா என்று பார்த்தாக வேண்டும். பெக்கான் நானாஸிலிருந்து பெரிய மருத்துவமனை போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். ஆகவே 999-ஐ அழைக்கும்போது, அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். மருத்துவர் அந்த நேரத்திலிருந்துதான் கணக்கிடத் தொடங்குவார்.